மைக்செட் திரித்த கயிறு

பேருந்து நிலையத்து மாடியில் கண்ணாடி போட்ட சின்ன அறை ஒன்று இருக்கிறது. அதில் உட்கார்ந்துகொண்டு எந்த பஸ் எந்த நடைமேடையில் நிற்கிறது என்று ஊருக்குச் சொல்வதுதான் அவருடைய உத்தியோகம். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி; ஊருக்கு அவர் மைக்செட். நேரில் 'சார்' என்பார்கள், அந்தப் பக்கம் திரும்பியதும் 'மைக்செட்' என்பார்கள். அது அவர் காதுக்கு எட்டாது என்று எல்லாருக்கும் நினைப்பு. எட்டியது மட்டுமல்ல, உள்ளுக்குள் அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

குரலில் குறை சொல்ல முடியாது. தூங்குகிறவனையும் தட்டி எழுப்பி பஸ்ஸில் ஏற்றிவிடுகிற குரல். குறை வேறு இடத்தில் இருந்தது. இத்தனை வருஷத்தில் அந்த மைக்கில் அவர் வாயிலிருந்து 'தப்பு' என்ற சொல் வந்ததே கிடையாது. மூன்றாம் நடைமேடை என்று சொல்லியிருப்பார். பஸ் ஐந்தில் வந்து நிற்கும், அல்லது முதலிலிருந்தே ஐந்தில்தான் நின்றுகொண்டிருக்கும். மைக்செட் பதற மாட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "பயணிகள் கவனத்திற்கு. நடைமேடை மாற்றப்பட்டுள்ளது" என்பார். யார் மாற்றினார்கள் என்று ஒரு ஆள் கேட்டதில்லை. பெட்டியும் பிள்ளையுமாக ஜனங்கள் இங்கிருந்து அங்கே ஓடுவார்கள். ஓடிக்கொண்டே டிரைவரைத் திட்டுவார்கள். அவர் இடக்கையால் மைக்கை அணைத்துவிட்டு, இடக்கையாலேயே டீ டம்ளரை எடுப்பார். எழுதுவதிலிருந்து கொசு அடிப்பது வரை அவருக்கு எல்லாமே இடக்கைதான்.

வீட்டிலும் அதே சட்டம். ஒருமுறை மனைவியை அவள் தங்கை வீட்டுக்கு அழைத்துப் போனார். தங்கை வரச் சொல்லியிருந்தது அடுத்த ஞாயிறு. பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று, "புரோகிராமை மாத்திட்டாங்க போல" என்றார். மனைவி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பேசாமல் திரும்பி நடந்தாள். அவள் குடைப் பட்டறையில் வேலை பார்க்கிறவள். கம்பிக்கூட்டின் மேல் துணியை இழுத்துப் பிடித்துத் தைப்பது அவள் வேலை. எதை எவ்வளவு இழுக்கலாம், எங்கே விட்டுவிட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

அப்படிப்பட்டவருக்குப் போன வருஷம் தொண்டை கட்டிக்கொண்டது. கட்டியது விடவில்லை. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, உத்தியோக நேரம் போக மீதி நேரம் வாயை மூடிக்கொண்டு இருங்கள், கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். மனைவி அந்த டாக்டருக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டாள். மைக்செட் போனில் தேடினார். காட்டுச்செடியின் நாரைத் தொடையில் உருட்டி, வாயே திறக்காமல் ஒருவர் கயிறு செய்கிற வீடியோ கிடைத்தது. பேச்சில்லாத வேலை என்று அதைப் பிடித்துக்கொண்டார். பிடித்த சில நாளிலேயே கயிற்றைப் பற்றிப் பேசிப் பேசித் தொண்டையை மறுபடி கெடுத்துக்கொண்டார்.

ஊரில் இதற்கென்று ஒரு கூட்டம் ஏற்கெனவே இருந்தது. இயற்கைக் கயிறு மன்றம் என்று பெயர். தலைவர் ஒரு பல் டாக்டர். ஞாயிறு காலைகளில் ரயில் பாதை ஓரத்துத் தரிசில் கூடுவார்கள். ஆளுக்கொரு காரில் வந்து இறங்கி, பூமிக்குப் பாரமாக இருக்க மாட்டோம் என்று உறுதிமொழி எடுப்பார்கள். பிறகு ஆனைக்கற்றாழை மடல்களை வெட்டி, நைலான் பையில் திணித்து, பிளாஸ்டிக் கயிற்றால் கட்டி டிக்கியில் ஏற்றுவார்கள். அதை யாரும் சுட்டிக்காட்டுவதில்லை. மன்றத்தில் அத்தனை பேரும் நாகரிகம் தெரிந்தவர்கள். எருக்கம்பட்டையை உரித்து நார் எடுக்கப் போன யோகா டீச்சர் ஒருவர் அதன் பாலைக் கண்ணில் தெறிக்கவிட்டுக்கொண்டு, அந்த எரிச்சலில் தனக்கு ஒரு தெளிவு பிறந்ததாகச் சொன்னார். தெளிவு பிறந்த கையோடு கண் டாக்டரிடம் ஓடினார்.

மைக்செட் போய்ச் சேர்ந்ததும் மன்றத்துக்கு ஒரு குரல் கிடைத்துவிட்டது. கயிற்றைப் பற்றி அதுவரை அங்கே யாரும் அவ்வளவு நிச்சயமாகப் பேசியதில்லை. மற்றவர்கள் நாரை உருட்டுவதைக் குனிந்து பார்த்து, எதிர்ப்பக்கமாக உருட்டுகிறீர்கள் என்று ஒவ்வொருவரையும் திருத்தினார். அவ்வளவு கணீரென்று ஒருவர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும் என்று அவர்களும் தலையை ஆட்டினார்கள். பல் டாக்டர் அவர் சொன்னபடி மாற்றி உருட்டிப் பார்த்து மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டார். அந்த வாரம் ஊரில் பல பற்கள் பிழைத்தன.

உண்மையான வேலை மடல்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான். பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் டிரம் இருந்தது. அதில் மடல்களை ஊறப் போட்டால் சில நாளில் ஒரு வாடை கிளம்பும். பக்கத்து வீட்டுக்காரர் சாக்கடை அடைத்துக்கொண்டது என்று ஆளைக் கூப்பிட்டுத் தன் வீட்டுக் குழாயையெல்லாம் கழற்றிப் போட்டார். மைக்செட் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து அவருக்கு அனுதாபம் தெரிவித்தார். ஊறிய மடலைப் பலகையில் வைத்து மழுங்கின கத்தியால் வழித்தால் பச்சைச் சதை போய் வெள்ளை நார் நிற்கும். அதை அலசி, நிழலில் உலர்த்தி, பழைய சீப்பால் வாரிச் சிக்கெடுக்க வேண்டும். வழிக்கும்போது சாறு தெறிக்கும், பட்ட இடம் அரிக்கும். அதனால் வாயை இறுக மூடிக்கொண்டுதான் வழிக்க முடியும்.

அந்த வாய் மூடின நேரம் மனைவிக்குப் பிடித்துப்போயிற்று. முதலில் அவள் டிரம்மைத் தூக்கி எறியத்தான் பால்கனிக்கு வந்தாள். வந்தவள், பலகை ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு அதன் மறுமுனையில் உட்கார்ந்தாள்; உட்கார்ந்தவள் சும்மா இருப்பானேன் என்று ஒரு மடலை வழித்துப் பார்த்தாள். அதன் பிறகு ஞாயிறு மத்தியானங்களில் இரண்டு பேரும் ஒரே பலகையின் இரண்டு முனையில் எதிரெதிரே உட்கார்ந்து வழிப்பது வழக்கமாகிவிட்டது. கல்யாணமான புதிதில்கூட அவர்கள் அப்படி மணிக்கணக்கில் முகம் பார்த்து உட்கார்ந்ததில்லை. மைக்செட்டுக்கும் அது பிடித்திருந்தது. இதை மட்டும் அவர் யாருக்கும் அறிவிக்கவில்லை.

திரிக்கவும் கற்றுக்கொண்டாள். ஒரு பிடி நாரை இரண்டு புரியாகப் பிரித்து, தொடைமேல் வைத்து உள்ளங்கையால் முன்னே உருட்டினால் ஒவ்வொரு புரியிலும் முறுக்கேறும். இரண்டையும் சேர்த்துப் பின்னே இழுத்தால் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு கயிறாகும். நார் தீரத் தீரப் புது நாரைக் கொடுத்துக்கொண்டே போக வேண்டும், அவ்வளவுதான். கைவேலையில் ஊறின கை என்பதால் சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. அவள் வலது தொடையில் வலக்கையால் உருட்டினாள். இடது தொடையில் இடக்கையால் உருட்டுகிற மைக்செட் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எதிர்ப்பக்கமாகப் போகிறது என்று திருத்தினார். அவள் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தன் போக்கிலேயே உருட்டினாள்.

மன்றத்தின் ஆண்டுக் கூட்டம் வந்தது. மன்ற அலுவலக வாசலில் புதுப் பெயர்ப்பலகை மாட்டுவது என்று ஏற்பாடு. கனத்த மரப்பலகை. மன்றத்தின் பெயர் அடக்கமாகச் சின்ன எழுத்தில் இருந்தது. தலைவரின் பெயர், பட்டங்களோடு, தெருமுனையிலிருந்து படிக்கும்படி இருந்தது. அதை இரும்புச் சங்கிலியால் தூக்குவது மன்றத்துக்கு அழகல்ல, நம்முடைய கயிறே தூக்க வேண்டும் என்று முடிவாயிற்று. கப்பியில் கயிறு, கயிற்றில் பலகை, சிறப்பு விருந்தினர் இழுக்க, கூட்டம் கைதட்ட வேண்டியது. கயிற்றை யார் செய்வது என்று தலைவர் கேட்டு முடிப்பதற்குள் மைக்செட் எழுந்து, எங்கள் வீட்டுக் கயிறு என்று அறிவித்துவிட்டார்.

சுண்டுவிரல் தடிமனில் ஒரே நீளக் கயிறு. காலையில் பட்டறைக்குக் கிளம்புவதற்கு முன் அவள் கொஞ்சம் திரிப்பாள். நுனியை முடிச்சுப் போட்டுக் கதவுக் கொண்டியில் மாட்டிவிட்டுப் போவாள். சாயங்காலம் அவர் முடிச்சை அவிழ்த்து அங்கிருந்து தொடர்வார். மறுநாள் அவர் விட்ட இடத்திலிருந்து அவள். இப்படி மாறி மாறிக் கயிறு வளர்ந்தது. கை மாறுகிற இடங்களில் மட்டும் அது ஏனோ முரண்டு பிடித்தது. அடங்காமல் பிரிந்து பிரிந்து நின்றது. மைக்செட் அந்த இடங்களில் தண்ணீர் தொட்டு அழுத்தி, மேலே கொஞ்சம் நாரைச் சுற்றி மூடினார். இங்கே மட்டும் ஏன் இப்படி நிற்கிறது என்று அவள் ஒருமுறை கேட்டாள். உன் முறுக்கு சரியில்லை என்று உடனே பதில் வந்தது. கேள்வி வந்த வேகத்துக்கு யோசிக்க அவருக்கு நேரம் இல்லை.

கூட்டத்தன்று சிறப்பு விருந்தினராக ஒரு காண்ட்ராக்டர் வந்திருந்தார். ஊரில் பாதி மரங்களை வெட்டியவர் அவர்தான் என்பதால், மரங்களைப் பற்றி அவருக்கு நிறையத் தெரிந்திருந்தது. மரங்களின் அருமையை அவர் பேசி முடித்ததும் கயிற்றின் நுனியை அவர் கையில் கொடுத்தார்கள். மைக் மைக்செட்டின் கையில் இருந்தது. காண்ட்ராக்டர் இழுத்தார். பலகை தரையை விட்டு எழுந்தது. இதோ இயற்கை எழுகிறது என்று மைக்செட் வர்ணித்தார். ஆள் உயரத்துக்கு மேல் போனதும் பலகை மெல்லச் சுற்ற ஆரம்பித்தது. தலைவரின் பெயர் ஒருமுறை கூட்டத்துக்கும் ஒருமுறை சுவருக்குமாகக் காட்சி கொடுத்தது. இதுவும் ஏற்பாடுதான் போலிருக்கிறது என்று கூட்டம் கைதட்டியது. பலகை நாலு திசைக்கும் வணக்கம் சொல்கிறது என்று மைக்செட்டும் கூசாமல் சொன்னார்.

நாலாவது திசைக்கு வணக்கம் சொல்வதற்குள் கயிறு விட்டுவிட்டது. அறுந்த சத்தம்கூட இல்லை. மூடி வைத்திருந்த ஓர் இடம் சுற்றிச் சுற்றித் தளர்ந்து, நார் நாராகப் பிரிந்து கழன்றது. பலகை டீ மேஜைமேல் விழுந்தது. நல்லவேளை, ஒருவருக்கும் அடியில்லை. டம்ளர்களும் பல் டாக்டரின் வெள்ளை பேண்ட்டும்தான் போயின. காண்ட்ராக்டர் வெறும் கயிற்றைக் கையில் பிடித்தபடி மல்லாந்து கிடந்தார். அத்தனை கண்களும் மைக்செட்டைத் திரும்பிப் பார்த்தன.

வேறொருவராக இருந்தால் வாயடைத்துப் போயிருப்பார். இவர் தொண்டையைச் செருமினார்.

"யாரும் பதற வேண்டாம். கயிறு செய்யற முறையில எந்தக் கோளாறும் இல்ல. இதுல பாதியை என் மனைவி திரிச்சாங்க. அவங்க கை எதிர்ப்பக்கம் போயிடும். எத்தனையோ தடவை திருத்திப் பாத்தேன். அந்தப் பாதிதான் விட்டுடுச்சு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிரிக்க ஒரு காரணம் கிடைத்ததில் எல்லாருக்கும் நிம்மதி. அவள் சுவரோரமாக பிஸ்கட் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். சுற்றியிருந்தவர்கள் அவள் கையைப் பார்த்தார்கள். அவள் தட்டைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனாள். மைக்செட்டுக்குச் சுருக்கென்றது. ஆனால் மைக் கையில் இருந்தது. அது கையில் இருக்கும்போது எந்த உறுத்தலும் அவரிடம் தங்குவதில்லை. சிறப்பு விருந்தினருக்கு நன்றி சொல்லிக் கூட்டத்தை முடித்துவைத்தார்.

வீட்டுக்குப் போனபோது சாப்பாட்டு மேஜையில் இரண்டு துண்டுக் கயிறு கிடந்தது. ஒன்று அவர் முதன்முதலாகச் செய்து சுவரில் மாட்டி வைத்திருந்தது. இன்னொன்று அவள் தனியாகத் திரித்தது. அவள் அழுதிருப்பாள், சமாதானம் சொல்லிவிடலாம் என்று வழியெல்லாம் வசனம் சேர்த்துக்கொண்டு வந்திருந்தார். அவள் அழவில்லை. மேஜையைக் காட்டினாள்.

"உங்க கயிறுல முறுக்கு ஜன்னல் பக்கமா சாயுது. என்னோடதுல கதவுப் பக்கமா சாயுது. தலைகீழா திருப்பி வெச்சுப் பாருங்க, அப்பவும் அப்படித்தான்."

அவர் திருப்பி வைத்துப் பார்த்தார். அப்படித்தான் இருந்தது. பிறகு அவள், கூட்டத்தில் அறுந்து அவர் சுருட்டிக்கொண்டு வந்திருந்த கயிற்றை எடுத்து நீட்டினாள். அவளுடைய பாதி எங்கும் விடவில்லை. அவருடைய பாதியும் எங்கும் விடவில்லை. ஒரு கை விட்டு இன்னொரு கை தொட்ட இடம்தான் அவிழ்ந்திருந்தது. பாரம் ஏறியதும் ஒரு பக்கத்து முறுக்கை மறுபக்கத்து முறுக்கு அவிழ்த்திருக்கிறது. நான் வலக்கைக்காரி, நீங்கள் இடக்கைக்காரர், இதில் யார் கையும் தப்பில்லை, ஒரே கயிற்றில் மாறி மாறித் திரித்ததுதான் வினை என்று அவள் சொன்னாள். குடையில் கிழிசல் காட்டுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

மைக்செட்டுக்குப் புரிந்துவிட்டது. புரியாமல் போக அதில் இடமே இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, அப்படியானால் இரண்டு பேர் முறையும் சரி என்றே வைத்துக்கொள்ளலாம் என்று பெருந்தன்மையாக ஒரு தீர்ப்பு சொன்னார்.

"வெச்சுக்க என்ன இருக்கு? என் கை தப்புன்னு மைக்குல சொன்னீங்க. தப்பு உங்களோடதுன்னு மைக்குலயே சொல்லுங்க."

மன்றம் மைக் வைத்துக் கூடுவது இனி அடுத்த மாதம்தான் என்றார் அவர்.

"அதுவரைக்கும் நான் தப்பாவே இருக்கணுமா? உங்ககிட்டதான் தினமும் ஒரு மைக் இருக்கே. அன்னிக்கு வேடிக்கை பாக்க வந்தவங்கள்ல பாதிப் பேர் தினமும் அங்கதான் பஸ் ஏறறாங்க." தன் துண்டுக் கயிற்றைக் கையில் எடுத்தாள். "நான் தைக்கிற குடை யார் யார் கையிலோ போயிடுது. சமைக்கிறது அன்னிக்கே தீந்துடுது. இந்தக் கயிறு ஒண்ணுதான், நான் செஞ்சதுன்னு எடுத்துப் பாத்துக்கற மாதிரி இருந்துச்சு. அதையும் ஊர் சிரிக்க வெச்சுட்டீங்க."

அவர் தன் துண்டுக் கயிற்றை எடுத்துப் போய்ச் சுவரில் பழையபடி மாட்டினார்.

அவள் சண்டை போடவில்லை. சாப்பாடு வேளைக்கு வந்தது. கேட்டதற்குப் பதில் வந்தது. ஆனால் ஞாயிறு மத்தியானம் பால்கனிப் பக்கம் அவள் வரவில்லை. அதுவரை தினமும் காலையில் பட்டறைக்கு பஸ் ஏறுமுன் மாடிக்கு ஏறி வந்து அவர் கையில் சாப்பாட்டு டப்பாவைக் கொடுத்து, ஒரு நிமிஷம் நின்று, கீழே பஸ்களைப் பார்த்துவிட்டுப் போவாள். இப்போது டப்பாவை டீக்கடைக்காரர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அவள் முதலாம் நடைமேடைப் பெஞ்சில், அவர் ஜன்னலுக்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பாள். பையிலிருந்து நாரை எடுத்து பஸ் வரும் வரை திரித்துக்கொண்டிருப்பாள். வேறு கை படாத கயிறு. அது நாளுக்கு நாள் நீளமாவதை மைக்செட் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மன்றம் தன் பங்குக்கு ஒரு குழு போட்டு விசாரித்தது. பலகை விழுந்ததற்குக் காரணம் காற்றின் ஈரப்பதம் என்று குழு கண்டுபிடித்தது. தலைவர் மைக்செட்டைக் கூப்பிட்டு, உங்கள்மேல் குற்றமில்லை என்று தோளைத் தட்டினார். வேறு சமயமாக இருந்தால் அந்தத் தட்டுக்கே அவர் ஒரு வாரம் நிமிர்ந்து நடந்திருப்பார். இப்போது தோளில் ஏதோ பாரம் ஏறியது போல்தான் இருந்தது.

அவள் தம்பி அதே நிலையத்தில் கண்டக்டர். அக்காவுக்கும் மாமாவுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வதே அவன் பிழைப்பு. ஒருநாள் மாடிக்கு வந்து, அக்கா கேட்பது ஒரே ஒரு வார்த்தைதானே என்று மெல்ல ஆரம்பித்தான். அந்த வார்த்தையை இந்த மைக்கில் சொன்னால் ஜனங்களுக்கு என்மேல் இருக்கிற நம்பிக்கை போய்விடும் என்றார் மைக்செட்.

"அது நம்பிக்கை இல்ல மாமா, பழக்கம்" என்று சொல்லிவிட்டு அவன் இறங்கிப் போய்விட்டான்.

அந்தச் சொல் குடைந்துகொண்டே இருந்தது. மறுநாள் காலை, அவள் பெஞ்சில் இருக்கும் நேரம் பார்த்து மைக்செட் மைக்கைத் தட்டினார். "பயணிகள் கவனத்திற்கு. மன்றக் கூட்டத்தில் கயிறு அறுந்ததற்கு அறிவிக்கப்பட்ட காரணம் மாற்றப்பட்டுள்ளது." ஜனங்கள் வழக்கம்போல மூட்டையைத் தூக்கிக்கொண்டு எந்தப் பக்கம் ஓடுவது என்று பார்த்தார்கள். அவள் நிமிரவே இல்லை. பஸ் வந்ததும் நாரைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு ஏறிப் போனாள். சாயங்காலம், கேட்டாயா என்று அவர் ஆவலாகக் கேட்டார்.

"கேட்டேன். காரணத்தை மாத்திட்டாங்களாம்" என்றாள். "யார் மாத்தினாங்க?"

இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவள்தான்.

அந்த ஞாயிறு அவர் தனியாக மடல் வழிக்க உட்கார்ந்தார். பலகை நிற்கவில்லை. மறுமுனையில் ஆள் இல்லாததால் ஒவ்வொரு வழிப்புக்கும் அது எழும்பி எழும்பி விழுந்தது. ஒரு செங்கல்லைத் தூக்கி அந்த முனையில் வைத்துப் பார்த்தார். பலகை நின்றது. ஆனால் எதிரே செங்கல் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் வழித்தார். அவள் அங்கே உட்கார்ந்திருந்த நாட்களில் தான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "என் தப்புதான்" என்று செங்கல்லிடம் சொன்னார். வார்த்தை வந்துவிட்டது. யாரும் இல்லாத இடத்தில் அது சுலபமாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை காலை. நிலையம் ஜனங்களால் பிதுங்கிக்கொண்டிருந்தது. பஸ்கள் நிரம்பி, டிரைவர்கள் ஏறி உட்கார்ந்து, எல்லாம் கிளம்புகிற நேரம். அவள் பெஞ்சில் உட்கார்ந்து திரித்துக்கொண்டிருந்தாள். மைக்செட் மைக்கைப் பிடித்தார். வழக்கமான செருமலைச் செருமினார்.

"பயணிகள் கவனத்திற்கு." அதற்கு மேல் பழகின வார்த்தைகள் தாமாக வாய்க்கு வந்தன. அவர் அவற்றை விழுங்கினார். பிறகு, அந்த மைக் அதுவரை கேட்டிராத சாதாரணக் குரலில் பேசினார்.

"நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

நிலையம் அப்படியே நின்றது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கை அந்தரத்தில் நின்றது.

"நான் சொன்னது தப்பு. கயிறு அறுந்தது என் மனைவியால இல்ல. அவங்க திரிச்சது நல்ல கயிறு. நான் இடக்கைக்காரன், அவங்க கயிறோட என் கயிறைச் சேர்த்துக் கெடுத்தது நான். தெரிஞ்ச பிறகும் வாயை மூடிக்கிட்டு இருந்ததும் நான்தான்."

இந்தப் பின்பாதியை யாரும் கேட்கவில்லை. முதல் வாக்கியத்திலேயே நிலையம் கலங்கிவிட்டது. மைக்செட்டே தப்பு என்று சொன்னால் அப்புறம் எது சரி? பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்தவர்கள் இறங்கினார்கள். கீழே நின்றவர்கள் ஏறினார்கள். மூன்றில் இருந்தவர்கள் ஐந்துக்கும், ஐந்தில் இருந்தவர்கள் மூன்றுக்கும் ஓடி நடுவழியில் முட்டிக்கொண்டார்கள். தினமும் அதே பஸ்ஸில் போகிறவர்கள்கூட அதன் போர்டை வாய்விட்டுப் படித்துப் பார்த்தார்கள். கார் பழுதாகி அன்று பஸ்ஸில் ஏறியிருந்த பல் டாக்டர் ஒரு ஜன்னல் வழியாகத் தன் பையை வெளியே போட்டுவிட்டு வாசல் வழியாக இறங்க வழி தேடிக்கொண்டிருந்தார். கண்டக்டர் மச்சான் விசிலை ஊதி ஊதிக் கன்னம் வலிக்க நின்றான். எது தப்பு, எந்த பஸ் தப்பு என்று மாடி ஜன்னலைப் பார்த்து ஒரு பெரியவர் கையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

அத்தனை களேபரத்திலும் முதலாம் நடைமேடைப் பெஞ்சில் ஒருத்தி மட்டும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். எது தப்பு, யாருடைய தப்பு என்று அந்த நிலையத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். கையிலிருந்த நாரை மடியில் வைத்துவிட்டு, கண்ணாடி அறையை நிமிர்ந்து பார்த்தாள். மைக்செட் கண்ணாடிக்குப் பின்னால் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவளுடைய பஸ், வேறு எங்கெங்கோ போக வேண்டியவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிப் போயிற்று.

கொஞ்ச நேரத்தில் படியேறி வருகிற காலடி கேட்டது. நிலைய அதிகாரிதான் கத்துவதற்கு வருகிறார் என்று மைக்செட் தயாரானார். வந்தது அவள். கையில் சாப்பாட்டு டப்பா இருந்தது. டீக்கடைக்காரரிடம் கொடுக்கவில்லை. மேஜைமேல் வைத்தாள்.

"என் பஸ் போயிடுச்சு" என்றாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அடுத்தது எப்போ? எங்க நிக்கும்?"

வேறு நாளாக இருந்தால் தலையைத் தூக்காமலே சொல்லியிருப்பார். சொன்னது தப்பாகப் போனால் மாற்றப்பட்டுவிட்டது என்றும் சொல்லியிருப்பார். இன்று சுவரில் இருந்த கால அட்டவணையைப் பார்த்தார், கீழே தாறுமாறாக நின்ற பஸ்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"சரியாத் தெரியலம்மா" என்றார். "இரு, கீழ போய்க் கேட்டுட்டு வரேன்."

அவள் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து பையிலிருந்து கயிற்றை எடுத்தாள். முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்திருந்தது. மெதுவாகப் போய்விட்டு வாருங்கள், அவசரமில்லை என்றாள். மைக்செட் படியிறங்கி நடைமேடைக்குப் போனார். கூட்டத்தில் முட்டி மோதி, ஒரு பஸ் பக்கத்தில் நின்றிருந்த டிரைவரை நெருங்கி, குடைப் பட்டறை வழியாகப் போகிற பஸ் எந்த நடைமேடை என்று பணிவாகக் கேட்டார்.

டிரைவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "அதை மேல இருந்து நீங்கதானே சார் சொல்வீங்க?"